அல்ஜீப்ரா: பெயர் வந்த வழி

இயற்கணிதத்தைக் குறிக்கும் 'அல்ஜீப்ரா' என்ற சொல், 9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் எழுதப்பட்ட ஓர் அரபு நூலின் தலைப்பிலிருந்து பிறந்தது. கலீபா அல்-மாமூன் (ஆட்சிக்காலம் 813–833) காலத்தில் அதை எழுதியவர் முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. தலைப்பில் 'அல்-ஜப்ர்', 'அல்-முகாபலா' என இரண்டு சொற்கள் சேர்ந்தே நின்றன. அன்று இரண்டுமே துறைப்பெயர்கள் அல்ல. சமன்பாட்டைச் சீராக்கும் இரண்டு செய்கைகள், அவ்வளவுதான்.

குறைபட்டதை மறுபடி முழுமையாக்குவது ஜப்ர். இருபுறமும் உள்ள ஒத்த உறுப்புகளை நேருக்கு நேர் வைத்துக் கழிப்பது முகாபலா. நூலில் உள்ள ஒரு கணக்கு இது: ஒரு வர்க்கம், நாற்பது 'பொருளில்' நான்கு வர்க்கம் குறைந்ததற்குச் சமம். 'பொருள்' என்பது தெரியாத எண், அரபியில் 'ஷய்'. வலப்புறக் குறையை நிரப்ப இருபுறமும் நான்கு வர்க்கம் கூட்டினால், ஐந்து வர்க்கம் நாற்பது பொருளுக்குச் சமமாகும். ஆக ஒரு வர்க்கம் எட்டுப் பொருள். பொருளின் மதிப்பு 8. இந்த நிரப்பல்தான் ஜப்ர். எக்ஸ், ஒய் போன்ற குறியீடு எதுவும் கிடையாது. எண்களைக்கூடச் சொல்லாகவே எழுதியிருக்கிறார்.

ஏட்டறிவுக்காக மட்டும் எழுதப்பட்ட நூலும் அல்ல. வணிகம், நில அளவை பற்றிப் பேசும் அது, இஸ்லாமியச் சட்டப்படி சொத்தைப் பங்கிடும் கணக்குகளுக்குத்தான் ஏராளமான பக்கங்களை ஒதுக்குகிறது. இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு சொன்ன முதல் ஆளும் அவரல்லர். இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர் 628இலேயே சொல்லிவிட்டார். ஆனால் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லி, வர்க்க வகைகளுக்கு வடிவியல் படத்தால் காரணமும் காட்டிய ஒழுங்கு அவருடையது.

1145இல் ஸ்பெயினின் செகோவியாவில் செஸ்டர் ராபர்ட் இந்நூலை லத்தீனில் பெயர்த்தார். பின்னர் டொலேடோவில் கிரெமோனா ஜெரார்டும் பெயர்த்தார். இருவருமே அரபுச் சொல்லை ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டதால்தான் அது ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது. இரட்டைப் பெயர் சில நூற்றாண்டுகள் புழங்கியது. பிறகு முகாபலா உதிர்ந்தது. கணக்கில் அதற்கும் சம வேலை இருந்ததை எண்ணினால் இது கொஞ்சம் அநியாயம்தான்.

'ஷய்' லத்தீனில் 'ரேஸ்' ஆகி, இத்தாலியில் 'கோசா' ஆனது. அதனால் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கணக்காளர்கள் இத்துறையையே 'கோஸ்' என்றார்கள். ஆசிரியர் பெயரும் தப்பவில்லை: அவருடைய எண்கணித நூலின் லத்தீன் பெயர்ப்பு வழியே 'அல்-குவாரிஸ்மி' திரிந்து 'அல்காரிதம்' ஆயிற்று. ஸ்பானிய மொழியிலோ ஜப்ரின் மருத்துவப் பொருளும் தங்கிவிட்டது. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டும் வைத்தியருக்கு அங்கே முன்பு 'அல்ஜெப்ரிஸ்தா' என்று பெயர் இருந்தது. 1615இல் வெளிவந்த 'தோன் கிஹோத்தே' நாவலின் இரண்டாம் பாகத்திலும் அப்படி ஒருவர் வருகிறார்.