மைனரில் எத்தனை பேர், கேம்பிறிட்ஜில் எத்தனை பேர்?

கீரியில் பழைய ஆக்களிடம் கார் பற்றிக் கேட்டால் வேகத்தைப் பற்றிக் கதைக்கமாட்டினம். "எத்தனை பேர் போனம் தெரியுமா?" எண்டுதான் தொடங்குவினம். ஆவணி மடுத் திருவிழாவுக்கு ஒரே காரில் பத்துப் பேர், அரிசி, சட்டி பானை, மேலே பாய்க்கட்டு. தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன் தாண்டி மடு றோட்டில் இறங்கும்போது கால் விறைத்துப்போயிருக்கும். இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிற கார்கள் இரண்டு: மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். எது வசதி என்பதில் எங்கள் வீடுகளில் இன்றைக்கும் உடன்பாடு இல்லை.

ஆகவே போன விடுமுறையில் நாங்களே ஏறி இருந்து பார்க்க முடிவெடுத்தோம். மைனர் ஒன்று மன்னார் ரவுணில் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கிறது. கேம்பிறிட்ஜ் யாழ்ப்பாணத்தில், எங்களோடு படிக்கும் ஒருவரின் பெரியப்பா வீட்டில். கையில் ஒரு அளவுநாடா.

மைனர் 1948-இல் வந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் முடிந்த பிறகு அது ஒடுக்கமாக இருக்கிறது என்று நினைத்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து 4 அங்குலம் கூட்டினார்கள். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலம்தான். பம்பர்களை ஏற்கெனவே செய்து முடித்திருந்ததால் அவற்றையும் வெட்டி நடுவில் துண்டு வைத்தார்களாம். தையல் தெரிந்த எங்கள் அம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. இடுப்பு இறுக்கமான சட்டைக்கு அவர்கள் செய்வதும் அதுதானே.

கேம்பிறிட்ஜ் 1954-இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முதலே ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனிக்குள் வந்துவிட்டன. அகலத்தில் இரண்டுக்கும் ஓரிரு அங்குலம்தான் வித்தியாசம். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில் மைனரில் 86 அங்குலம், கேம்பிறிட்ஜில் ஏறத்தாழ 99. அந்த 13 அங்குலத்தின் பெரும்பங்கு பின்னால் இருப்பவரின் முழங்காலுக்குப் போகிறது. மைனரின் பின்சீற்றில் எங்களில் உயரமானவனுக்கு முழங்கால் முன்சீற்றில் முட்டியது. பக்கத்தில் சில்லுக்கூடு வேறு இடுப்பை இடித்தது. கேம்பிறிட்ஜில் மூன்று பேர் இருந்தும் கையை மடியில் வைக்கலாம்.

ஆனால் வாடகைக்கார்காரர் கேம்பிறிட்ஜை விரும்பியதன் காரணம் முன்பக்கத்தில் இருக்கிறது. மைனரில் கியர் நிலத்தில் நிற்கிறது, இரண்டு சீற்றும் தனித்தனி. நடுவில் ஒருவரை இருத்தவே ஏலாது. கேம்பிறிட்ஜின் முன்சீற்றுகளும் பெயருக்குத் தனித்தனிதான், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். கியர் ஸ்ரேறிங்குக்குக் கீழே தண்டில், கைபிறேக் றைவருக்கும் கதவுக்கும் நடுவில். நடுவை இப்படி வெறுமையாக விட்டதே மூன்றாவது ஆளுக்காக. அந்த மூன்றாவது ஆள், மடியில் ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் மடியில் ஒரு பை. ஹயருக்கு ஓடுகிறவருக்கு இதெல்லாம் காசு.

அப்ப கேம்பிறிட்ஜ்தான் வென்றது எண்டு எழுதி முடித்திருப்போம், எங்களில் ஒருத்தியின் அம்மம்மா குறுக்கே வராவிட்டால்.

1974 ஆவணி. அம்மம்மாவுக்கு இரவு நோ தொடங்கிவிட்டது. வழமையாகக் கூப்பிடும் கேம்பிறிட்ஜ் மடுவுக்கு ஹயர் போயிருந்தது. கிடைத்தது பக்கத்து ஊரில் நின்ற இரண்டு கதவு மைனர். பின்சீற்றுக்கு ஏற முன்சீற்றை மடக்கவேண்டும். நிறைமாதக்காரி அதற்குள் எப்படிக் குனிவது? முன்னால் இருத்தினார்கள். சீற்றைப் பூட்ட ஒரு கொளுக்கியும் இல்லை, பிறேக் அடித்தால் ஆளோடு முன்னுக்குச் சரியும். பின்னால் இருந்த அம்மம்மாவின் தாயார், ஆஸ்பத்திரி வாசல்வரை சாய்மானத்தை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே போனாராம். விடிவதற்குள் பெண்பிள்ளை.

"கேம்பிறிட்ஜ் எண்டால் பின்னுக்குப் படுத்திருப்பன். அது வரேல்லயே பிள்ளை" எண்டா அம்மம்மா.

கார் விற்றவர்கள் எண்ணியது நிமிர்ந்து இருப்பவர்களை. எங்கள் ஊர்கள் காரைக் கூப்பிட்டது பெரும்பாலும் யாரோ ஒருவர் நிமிர்ந்து இருக்க முடியாதபோது. இதை நாங்கள் யாழ்ப்பாணத்தில் இன்னொரு தடவை கேட்டோம். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பழைய கார்களே ஓடின. 1977-க்குப் பிறகு தெற்கில் யப்பான் கார்கள் நிறைந்தன. வடக்கில் போர் வந்து, பழையவற்றின் ஆயுள் இன்னும் நீண்டது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. கொஞ்சம் பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் இருமிக்கொண்டு அதையும் குடித்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, அந்த வீட்டுக் கேம்பிறிட்ஜின் பின்சீற்றில் படுக்கையில் கிடந்த கிழவி ஒருவர் போனார். மற்றவர்கள் பக்கத்தில் நடந்தார்கள். அந்தச் சனத்துக்குள் நடக்கிற வேகம்தானே காருக்கும்.

மன்னார்த் தீவில் 1990 வேறு மாதிரி. இராமேஸ்வரத்துக்குப் போனவர்களும், அந்த ஒக்ரோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டு கற்பிட்டிக்குக் கடலால் போன முஸ்லிம் சனமும் படகில்தான் போனார்கள். படகில் கார் ஏறாது. முற்றங்களில் நின்ற எத்தனையோ வாகனங்கள் அப்படியே நின்றன.

சீற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவேண்டும். கேம்பிறிட்ஜில் இருந்தது அசல் தோலா என்று கேட்டோம், பெரியப்பா சிரித்தார். இரண்டு தடவை றெக்சின் மாற்றி, உள்ளே தும்பு அடைத்தாயிற்று. மைனரிலும் அதே கதை. அரைக்காற்சட்டையோடு மத்தியான வெயிலில் இருந்து எழும்பிப் பாருங்கள், தொடைத்தோல் பாதி சீற்றோடு போகும். இதில் இரண்டும் சமம்.

கடைசி நாள் மைனரைப் பார்க்க அம்மம்மாவையும் 1974-இல் பிறந்த அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். இதுவும் இரண்டு கதவுதான். அம்மா முன்னால் ஏறப்போக, "பொறு" எண்டு முன்சீற்றை மடக்கச் சொல்லி, எண்பது வயதை நெருங்கும் அம்மம்மா மெதுவாகக் குனிந்து பின்னுக்குப் போய் இருந்தா. பிறகு மகளை ஏறச் சொன்னா. கார் ஓடவில்லை, எஞ்சினே அதில் இல்லை. ஆனாலும் அவவின் இரண்டு கையும் முன்சீற்றின் சாய்மானத்தில் இருந்தது.