அடுப்படியில் கால் வைக்க ஓர் இடம்

பெங்களூரில் வீடு வாங்கிய நம்ம ஊர்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் பேச்சு கடைசியில் மாடுலர் கிச்சனில்தான் வந்து நிற்கிறது. எந்த ப்ளைவுட், என்ன கலர், சிம்னி நன்றாகப் புகையை இழுக்கிறதா என்று எல்லாவற்றையும் அலசுவார்கள். அலமாரிக்கு அடியில், தரையை ஒட்டி, நாலு அங்குல உயரத்துக்குக் கொஞ்சம் உள்வாங்கி ஓடுகிற பட்டையைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு டோ கிக் என்று பெயர், ஐரோப்பாவில் ப்ளின்த். இங்கே கார்பெண்டரிடம் ஸ்கர்ட்டிங் என்றால்தான் புரியும். இதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது என்றேன், தங்கமணி நம்பவில்லை. நீங்களாவது கேளுங்கள் :-)

நம் பாட்டிமார்கள் உட்கார்ந்து சமைத்தவர்கள். அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல், அடுப்பு எல்லாமே தரையில். கால்விரல் எங்கே போகும் என்ற கேள்விக்கே இடமில்லை. அவர்களை எழுப்பி நிற்க வைத்தது கேஸ் அடுப்புதான். 1955ல் பம்பாயில் பர்மா ஷெல் சமையல் எரிவாயுவைக் கொண்டுவந்தது. இந்தியன் ஆயிலின் இண்டேன் 1965ல் கல்கத்தாவில் தொடங்கியது. சிலிண்டரை விட அடுப்பு உயரமான இடத்தில் இருக்க வேண்டும் என்பது கேஸ் கம்பெனிகளின் பாதுகாப்பு விதி. ஆக மேடை வேண்டும், மேடை வந்தால் நின்றுதான் ஆக வேண்டும். ஒரு தலைமுறைப் பெண்களின் முழங்காலும் முதுகும் இந்த ஒரு விதியால் மாறிப்போயின என்பது என் கட்சி.

அந்தக் காலத்து மேடை எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ரெண்டு குட்டைச் சுவர், மேலே ஒரு கடப்பாக்கல், அவ்வளவுதான். அடியில் சிலிண்டர், அரிசி டின், வெங்காயக் கூடை. கதவு கிடையாது, அதனால் கால் தாராளமாக உள்ளே போகும். பெயர் தெரியாமலே நம் அம்மாக்கள் எல்லோருக்கும் அருமையான டோ கிக் இருந்தது!

ஐரோப்பாவில் இதை உட்கார்ந்து யோசித்து வரைந்தார்கள். 1926ல் மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டரில் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி அதுதான். (அதுவரை அந்த அம்மா சமைத்ததே இல்லை என்பது தனிக் கதை.) அதில் எனக்குப் பிடித்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்க அவர் ஒரு ஸ்டூலும் வைத்ததுதான். நம் ஊர் பில்டர்கள் அந்தப் பாட்டியிடமிருந்து ஸ்டூலை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு நம் மேடைக்குக் கீழேயும் கதவு வந்தது. இங்கே ஒரு சிக்கல். நாம் சமையலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஜாதி. தரையைத் தொடுகிற மரம் ஊறி உப்பிவிடும். அதற்கு நம் கொத்தனார்கள் கண்ட வழி, அடியில் நாலு அங்குலத்துக்குச் செங்கல் வைத்துப் பூசி, டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் அலமாரியை உட்கார வைப்பது. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன், தண்ணீருக்கு நல்ல வைத்தியம். ஆனால் பல வீடுகளில் அந்தச் செங்கல் திட்டு கதவுக்கு நேராகவே முன்னால் வந்துவிடுகிறது. உள்வாங்கவே இல்லை. கால்விரல் இடிக்கும், மூன்று அங்குலம் பின்னால் நிற்க வேண்டும், அந்த மூன்று அங்குலத்தையும் முதுகை வளைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்குகிற அம்மா 'இடுப்பு விட்டுப்போச்சுடா' என்றால் வயசாச்சு என்று நினைத்துக்கொள்கிறோம். ஒருமுறை திட்டைப் பாருங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வேலைக்கார அம்மாக்கள் வர முடியவில்லை. அதுவரை 'நம்ம கடாயெல்லாம் அதில் சரிப்படாது' என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகளிலும் பாத்திரம் கழுவும் மெஷின் நுழைந்தது. திட்டின் வில்லத்தனம் அப்போதுதான் வெளிவந்தது. கணக்கைப் பாருங்கள். மேடை உயரம் 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர். கிரானைட்டுக்கு 2 போனால் 84. திட்டுக்கு 10 போனால் 74. மேடைக்கு அடியில் பொருத்தும் மெஷினின் உயரமோ கிட்டத்தட்ட 82! திட்டை 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு உடைத்தால்தான் உள்ளே போகும். மேடையே 32 அங்குலம்தான் என்றால் உடைத்தும் பயனில்லை, மெஷின் யுடிலிட்டிக்குத்தான் போக வேண்டும்.

உடைத்த பிறகும் வேலை முடியாது. உடைத்த இடத்தை மறைக்க முன்னால் ஸ்கர்ட்டிங் பலகை ஓட வேண்டும். மெஷின் கதவுக்கு அலமாரியோடு சேர்கிற மாதிரி பலகை ஒட்டியிருந்தால், கதவைக் கீழே சாய்க்கும்போது அந்தப் பலகையின் அடி விளிம்பு பின்னோக்கி, ஸ்கர்ட்டிங் இருக்கும் இடத்துக்குள் சுழன்று வரும். ஸ்கர்ட்டிங் நன்றாக உள்ளே தள்ளி இருக்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் மட்டும் அதன் மேல் விளிம்பை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதவு பாதியில் முட்டி நிற்கும். எங்கள் வீட்டுக் கார்பெண்டர் 'திறக்குது சார், கொஞ்சம் அழுத்தணும்' என்றார். அழுத்தவே கூடாது, கீல் போய்விடும்.

அலமாரிக்குள் பொருத்துகிற ஃப்ரிட்ஜ் என்றால் கதை வேறு. அது ஸ்கர்ட்டிங் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, பின்பக்கச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வெளியேற வேண்டும். ஐரோப்பியக் கம்பெனிகள் குறைந்தது 200 சதுர சென்டிமீட்டர் திறப்பு கேட்கின்றன. கரப்பான் வருமென்று நம் ஆட்கள் அதை சிலிகான் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கரன்ட் பில் பேசும். துளை போட்ட அலுமினியப் பட்டை கடைகளில் கிடைக்கிறது. உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டிக்கொள்ளலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் செங்கல் திட்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உயரம் கூட்டிக் குறைக்கிற பிவிசி கால்களில் அலமாரியை நிறுத்தி, முன்னால் பிவிசி அல்லது அலுமினிய ஸ்கர்ட்டிங்கை கிளிப்பில் மாட்டச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டாலும் உப்பாது. ஆணி, பசை எதுவும் கூடாது. அடியில் தண்ணீர் கசிந்தால் பார்க்கவும், மெஷின் காலைத் திருகி மட்டம் பிடிக்கவும் அது கையோடு கழன்று வர வேண்டும். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கழற்றிப் பெருக்குவோம். போன தடவை ரெண்டு ஸ்பூனும் ஒரு குக்கர் வெயிட்டும் கிடைத்தன.