முப்பத்திரண்டு வயதில் 'பெரியவர்'

1972 அக்டோபர் 19 அன்று, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் சிலர் கூடி, 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டில் போட்டி நடத்தினார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டிகளில் பதிவாகியிருப்பவற்றில் இதைத்தான் மூத்தது என்கிறார்கள். பரிசு என்ன தெரியுமா? 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைக்கு ஒரு வருஷச் சந்தா. அதே வருஷம்தான் நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சைடராகச் சேர்ந்தேன்.

ஐம்பது வருஷம் கழித்து, 2022 தீபாவளிக்குச் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, பேரன் என்னை 'டோட்டா 2' என்ற விளையாட்டின் உலகப் போட்டிக்கு அழைத்துப் போனான். 'தி இன்டர்நேஷனல்' என்று அதற்குப் பெயர். அன்று இறுதி ஆட்டம். கிளம்பும்போது மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படிப்பை விட்டுட்டு இதுக்கே போறேங்கிறான். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கப்பா" என்றாள்.

இடம், 12,000 பேர் வரை கொள்ளும் சிங்கப்பூர் உள்விளையாட்டு அரங்கம். ஜெயிக்கும் அணிக்கு ஏறக்குறைய 85 லட்சம் டாலர். நம் பணத்தில் 70 கோடி ரூபாய்! இது எங்கிருந்து வருகிறது என்று பேரனைக் கேட்டேன். விளையாடும் ஜனங்கள் காசு கொடுத்து ஒரு 'பாஸ்' வாங்குகிறார்கள், அதில் கால் பங்கு பரிசுக்குப் போகிறது என்றான். கோயில் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரிதான். என்ன, மீதி முக்கால் பங்கு கம்பெனிக்கு. நம்ம ஊர் நாட்டாமைகளுக்கு இந்த யோசனை வராதவரை நல்லது.

ஒரு வருஷச் சந்தா 70 கோடியாக வளர்ந்த கதையின் நடுப்பகுதி தென் கொரியாவில் நடந்தது. 1997 கடைசியில் அந்த நாட்டின் பணம் சரிந்து, ஐ.எம்.எஃப்.பிடம் கடன் வாங்க வேண்டி வந்தது. கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. வேலை போனவர்களில் பலர் கையில் இருந்ததைப் போட்டு 'பிசி பாங்' திறந்தார்கள். நம்ம ஊரில் ஒரு காலத்தில் இருந்த பிரவுசிங் சென்டர் மாதிரிதான். அரசாங்கமும் வேக இணையத்தை நாடு முழுக்க இழுத்தது. 1998ல் 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற விளையாட்டு வந்ததும், வேலை கிடைக்காத பையன்களுக்கு அந்தக் கடைகளே கதியாயின. 2000ல் இதற்கென்று ஒரு சங்கமும் தனி டிவி சேனலும் வந்துவிட்டன. பிறகு டெலிபோன் கம்பெனிகள் அணி வைத்துச் சம்பளம் கொடுத்தன. 2004 ஜூலையில் பூசான் நகரத்துக் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு ரதவீதி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

அங்கே ஆண்பிள்ளைகள் கட்டாயம் ராணுவத்தில் இருந்துவிட்டு வர வேண்டும். இரண்டு வருஷம் கை ஓய்ந்தால் பிழைப்பு போய்விடும் என்பதால், 2007ல் விமானப்படையே ஒரு விளையாட்டு அணி ஆரம்பித்தது! 2010ல் இன்னொரு பக்கமும் தெரிந்தது. சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்ததாகப் பேர்பெற்ற ஆட்டக்காரர்களே மாட்டினார்கள். வாழ்நாள் தடை.

நம் பக்கம் 'ஆன்லைன் கேம்' என்றாலே ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்கள் ஞாபகம்தான் வருகிறது. இது அதுவல்ல. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டமும் பணம் கட்டி ஆடுவதைத் தடைசெய்து, இந்தப் போட்டி விளையாட்டைத் தனியாகப் பிரித்துவிட்டது.

சிங்கப்பூருக்கு வருகிறேன். மேடையில் பக்கத்துக்கு ஐந்து பேர். திரையில் நடந்த மாயாஜாலச் சண்டை எனக்குப் பாதி புரியவில்லை. நான் பார்த்தது கைகளைத்தான். ரிங் பிரேமில் இழை அறுந்தால், கண் அதைப் பிடித்த அடுத்த நொடி விரல் அங்கே இருக்க வேண்டும். நல்ல சைடருக்கு யோசிக்க நேரமே தேவைப்படாது. அதே கண், அதே விரல். வயது ஏறினால் முதலில் பார்வை பிந்தும், பிறகு கை. மில்லில் அப்படி ஆனவர்களை இலகுவான வேலைக்கு மாற்றுவார்கள்.

தோற்ற அணியின் தலைவர் எஸ்தோனியா நாட்டுக்காரர், கிளெமென்ட் இவானோவ். ஆட்டத்தில் அவருக்குப் 'பப்பி' என்று பெயர். ராஜபாளையத்துக்காரனுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? 2011ல் நடந்த முதல் போட்டியில் ஜெயித்த அணியில் இருந்தவர். அதுமுதல் நடந்த 11 போட்டிகளிலும் ஆடியவர் அவர் ஒருவர்தான். "அவர் ரொம்பப் பெரியவர் தாத்தா, 32 வயசு" என்றான் பேரன். அவர் முதல் கோப்பையை வாங்கிய 2011ல்தான் நான் 58 முடிந்து ஓய்வு பெற்றேன். அன்றைக்கு டன்ட்ரா என்ற அணி அவர் அணியை மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. அரங்கத்தில் பாதிப் பேர் தோற்றவருக்காகத்தான் கத்தினார்கள்.

திரும்பும்போது ரயிலில் பேரனிடம் "இவங்களுக்கு பி.எஃப். உண்டாடா?" என்று கேட்டேன். பி.எஃப். என்றால் என்ன என்று அவன் கேட்டான். விளக்கினேன். 32க்குப் பிறகு என்ன வேலை என்றும் கேட்டேன். சிலர் பயிற்சியாளர் ஆவார்கள், சிலர் வர்ணனை சொல்வார்கள் என்றான். "மத்தவங்க?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

மகளிடம் நான் சொன்னது, ஆட வேண்டாம் என்று தடுக்காதே, சர்டிபிகேட்டை மட்டும் கையில் வாங்கவை என்பதுதான். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சனி, ஞாயிறு ஆடுகிறான்.