சதுரங்கத்துக்கு ஒரு மரக்கால்

களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்த பின் அடுத்த வேலை அதை அளப்பது. எத்தனை மரக்கால் கண்டது என்று கேட்பதோடு, எந்த மரக்காலால் அளந்தது என்றும் கேட்பது நம் தஞ்சைத் தரணியின் வழக்கம். ஊருக்கொரு மரக்கால் இருந்தால் குத்தகையும் கூலியும் தகராறில்தான் முடியும். இதை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லின் அளவைச் சொல்லும்போது, ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்றும், அது ‘இராசகேசரி’ என்னும் அளவுக்கு ஒத்தது என்றும் சேர்த்தே குறிப்பிடுகின்றன.

நெல்லை அளந்துவிடலாம். சதுரங்கம் ஆடும் ஒருவருடைய திறமையை அளக்க முடியுமா? சென்னையில் ஆடுபவரையும் மாஸ்கோவில் ஆடுபவரையும் ஒரே மரக்காலால் அளக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஓர் இயற்பியல் ஆசிரியர். அந்த வரலாற்றை இங்கே பார்ப்போம்.

சதுரங்கம் நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் இறைவனின் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ஓர் அரசகுமாரியை, முதியவர் வடிவில் வந்த சிவபெருமான் ஆடி வென்று மணம் புரிந்தார் என்பது தல புராணம். புராணத்தில் ஓர் ஆட்டமே முடிவைச் சொல்லிவிட்டது. மனிதர்கள் ஆடும் ஆட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டின் மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் கலந்துகொண்ட போட்டியில் ஆடினார். அங்கே ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் தோற்கடித்தார். ஆயினும் போட்டியின் முடிவில் அவர் பட்டியலின் அடிப்பகுதியில்தான் இருந்தார். அந்த இரண்டு வெற்றிகளைக் கொண்டு அவரை மதிப்பிடுவதா? மொத்தப் புள்ளிகளைக் கொண்டு மதிப்பிடுவதா? உலகம் முழுவதற்கும் பொதுவான தர எண் அன்று இல்லை. இந்திய ஆட்டக்காரர் எவ்வளவு வலிமையானவர் என்ற கேள்விக்கு வெளிநாட்டார் தத்தம் அபிப்பிராயத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடிந்தது.

இக்குறையை நீக்கப் பலர் முயன்றனர். கணித மேதை எர்ன்ஸ்ட் செர்மெலோ 1929இலேயே போட்டி முடிவுகளிலிருந்து வலிமையைக் கணக்கிடும் ஒரு முறையை வெளியிட்டார். ஜெர்மனியில் 1948இல் ‘இங்கோ’ முறை வந்தது. அமெரிக்காவில் 1950இல் கென்னத் ஹார்க்னெஸ் ஒரு முறையைப் புகுத்தினார். ஹார்க்னெஸ் முறையில் சில விபரீத முடிவுகள் வந்ததால், அதைச் சீர்திருத்தும் பொறுப்பு ஆர்பாட் ஈலோவிடம் வந்து சேர்ந்தது.

ஈலோ 1903இல் ஹங்கேரியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தார். விஸ்கான்சின் மாநிலச் சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவரும்கூட. ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுப் பிழைகளோடு பழகியவர் சதுரங்கப் பலகையைப் பார்த்தால் என்ன செய்வார்? அதையேதான் செய்தார்.

நீங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தைப் பத்து முறை அளந்தால் பத்து விடைகள் கிடைக்கும். அவை ஒரு சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும். ஓர் ஆட்டக்காரரின் ஆட்டமும் இப்படித்தான் என்றார் ஈலோ. ஒரு நாள் நன்றாக ஆடுவார், மறுநாள் சறுக்குவார். ஆனால் அவருக்கென்று ஒரு சராசரி உண்டு. அந்தச் சராசரியே அவருடைய தர எண். அதைச் சுற்றியுள்ள சிதறல், புள்ளியியலில் நாம் படிக்கும் மணிவடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றும். அதன் திட்டவிலக்கம் 200 என்று கொண்டார். அமெரிக்காவில் ஏற்கெனவே ஆட்டக்காரர்களை 200 புள்ளிகளுக்கு ஒரு வகுப்பாகப் பிரித்து வந்ததால், பழகிய அந்த எண்ணையே வைத்துக்கொண்டார்.

இப்போது 2000 எண் உடையவரும் 1800 எண் உடையவரும் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருடைய ஆட்டத்திலும் சிதறல் உண்டு. இரு பிழைகள் சேரும்போது அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே வேறுபாட்டின் திட்டவிலக்கம் 200 × √2, அதாவது சுமார் 283. இருவருக்கும் உள்ள இடைவெளியான 200 இதில் 0.71 பங்கு. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் இதற்கு நேரே இருக்கும் நிகழ்தகவு 0.76. ஆகவே வலிமையானவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 புள்ளியும், மற்றவர் 0.24 புள்ளியும் எடுப்பார்கள் என எதிர்பார்க்கலாம். வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, தோல்விக்குச் சுழி என்பது புள்ளிக் கணக்கு. எண்கள் சமமானால் எதிர்பார்ப்பு 0.5, இடைவெளி 100 ஆனால் 0.64.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2000, 1800 என்ற எண்களுக்குத் தனியே பொருள் இல்லை. அவற்றின் வேறுபாட்டுக்குத்தான் பொருள் உண்டு. மின்சாரம் பாய்வதற்கு மின்னழுத்த வேறுபாடே காரணம் என்று படிக்கிறோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். எல்லோருடைய எண்ணிலும் ஆயிரத்தைக் கூட்டினாலும் எதிர்பார்ப்புகள் மாறமாட்டா.

ஆட்டம் முடிந்ததும் எண்ணைத் திருத்த வேண்டும். அதற்கான விதி எளியது:

புதிய எண் = பழைய எண் + கெழு × (பெற்ற புள்ளி − எதிர்பார்த்த புள்ளி)

1800 எண் உடையவர், சராசரியாக 2000 எண் உடைய ஐவரோடு ஆடுகிறார். அவரிடம் எதிர்பார்ப்பது 5 × 0.24 = 1.2 புள்ளி. அவர் எடுத்ததோ 2.5. உபரி 1.3. கெழுவை 20 என்று கொண்டால் 26 கூடி, அவருடைய எண் 1826 ஆகும். அவர் பாதிப் புள்ளிகளையே எடுத்தார், ஆனாலும் உயர்ந்தார். எவ்வளவு எடுத்தார் என்பதோடு, யாரிடமிருந்து எடுத்தார் என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது. இதுவே இம்முறையின் சிறப்பு.

அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இல் இம்முறையை ஏற்றது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றது. 1972இல் உலகப் பட்டத்துக்கு ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதியபோது அவர்களுடைய எண்கள் 2785, 2660. இடைவெளி 125, ஃபிஷரிடம் எதிர்பார்ப்பு 0.67. பலகையில் உண்மையாக ஆடப்பட்டவை 20 ஆட்டங்கள். கணக்குப்படி ஃபிஷர் எடுக்க வேண்டியது 13.4, அவர் எடுத்தது 12.5. கொள்கையும் சோதனையும் இவ்வளவு நெருங்கி வந்தால் ஆய்வுக்கூடத்தில் நாம் மகிழ்ச்சியடைவோம்! 1980களின் நடுப்பகுதி வரை ஃபிடேயின் கணக்குகளை ஈலோவே பார்த்து வந்தார். 1992இல் அவர் மறைந்தார்.

பொது மரக்கால் வந்ததும் நம்மவர்களின் நிலையும் தெளிவாயிற்று. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் மயிலாடுதுறையில் 1969இல் பிறந்த விசுவநாதன் ஆனந்த், 1986 ஜூலைப் பட்டியலில் இந்தியாவின் முதலிடத்துக்கு வந்தார். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2006இல் 2800ஐத் தாண்டினார். 2007 ஏப்ரலில் உலகத் தரவரிசையின் முதலிடம் அவருடையதாயிற்று. இந்திய முதலிடத்தை அவர் 37 ஆண்டுகள் வைத்திருந்தார். 2023இல்தான் சென்னையின் குகேஷ் அவரை முந்தினார். அந்தக் குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார். அதே மாதப் பட்டியலில் அர்ஜுன் எரிகைசி 2801 எண்ணோடு, ஆனந்துக்குப் பின் 2800ஐத் தொட்ட இரண்டாவது இந்தியரானார். இவர்கள் வலிமையானவர்கள் என்பதற்கு இப்போது எவருடைய பரிந்துரையும் தேவைப்படவில்லை.

ஆனால் மரக்கால் பொதுவானது என்பதால் அளவு எப்போதும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. அதன் குறைகளும் இயற்பியல் மாணவனுக்கு எளிதில் விளங்குபவையே.

முதலாவது, மூடிய அமைப்பு. ஒரு குழுவினர் தங்களுக்குள்ளேயே ஆடினால் அவர்களுடைய எண்கள் வெளியுலகோடு தொடர்பற்றுப் போகும். 1990களில் அமெரிக்கச் சிறை ஒன்றில் கைதிகளுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய ஒருவரின் எண், அந்நாட்டின் முன்னணி கிராண்ட்மாஸ்டர்களின் எண்ணுக்கு ஏறிவிட்டது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடி வந்த பெண்களின் எண்கள் உண்மையைவிடக் குறைவு என்று கருதிய ஃபிடே, 1987 ஜனவரியில் பெண்கள் எல்லோருக்கும் 100 புள்ளிகளைக் கூட்டியது. ஒருவருக்கு மட்டும் கூட்டவில்லை. அவர் ஹங்கேரியின் சூசன் போல்கர். ஆண்களோடு ஆடியே எண் பெற்றவர் என்பது சொல்லப்பட்ட காரணம். விளைவு, பெண்கள் பட்டியலில் அவருடைய முதலிடம் பறிபோனது. கணக்கில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் இடம் ஓர் அலுவலகத் தீர்மானத்தால் மாறியது என்பதும் உண்மை.

இரண்டாவது, அழிவின்மை விதி. கெழு சமமானால் ஒருவர் பெறும் புள்ளியை மற்றவர் இழக்கிறார், மொத்தம் மாறுவதில்லை. குறைந்த எண்ணோடு வரும் சிறுவர்கள் விரைவில் தேறினால் என்ன ஆகும்? அவர்களுடைய உயர்வுக்கான புள்ளிகள் முழுவதும் மற்றவர்களின் கணக்கிலிருந்தே வர வேண்டும். முன்பு 2200க்குக் கீழே எண்ணே வழங்காத ஃபிடே, படிப்படியாக அந்த எல்லையை 1000 வரை இறக்கியது. நம் நாட்டில் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் பட்டியலுக்குள் வந்தனர். அவர்களுடைய திறமை முன்னே ஓடியது. எண் பின்னே வந்தது. 1300 என்று எழுதியிருக்கும் சிறுமியிடம் 1800 எண்ணுடையவர் தோற்று விழித்தார். சிறார்களுக்குக் கெழுவை 40 என்று உயர்த்தியும் இக்குறை முற்றிலும் தீரவில்லை. கடைசியில் 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழ் உள்ள அனைவருக்கும், 2000த்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதில் பத்தில் நான்கு பங்கை ஒரே தடவையாகக் கூட்டியது. 1500 இருந்தவர் 1700 ஆனார். எண்ணின் கீழ் எல்லையும் 1400 ஆயிற்று.

மூன்றாவது, அளவீட்டுப் பிழை. சமமான இருவர் டிரா இல்லாமல் பத்து ஆட்டங்கள் ஆடினால், முடிவு 5−5 என்பதிலிருந்து ஒன்றரைப் புள்ளி விலகுவது இயல்பு. அந்த விலகலைத் தர எண்ணாக மாற்றினால் நூறைத் தாண்டும். ஆகவே பட்டியலில் 5 புள்ளி முன்னே நிற்பவர் மேலானவர் என்று சொல்ல அறிவியல் இடம் தராது. ஆனால் இடங்கள் அப்படித்தான் பங்கிடப்படுகின்றன. உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 கேண்டிடேட்ஸ் போட்டியின் எட்டு இடங்களில் ஒன்று, அந்த ஆண்டு ஜனவரித் தரப்பட்டியலைக் கொண்டே நிரப்பப்பட்டது. ஓரிரு ஆட்டங்களில் வரும் புள்ளிகள் ஒருவருடைய வாழ்க்கையையே மாற்றக்கூடும்.

எனவே, எண் குறைந்துவிட்டது என்று வாடும் மாணவனுக்கு நாம் சொல்ல வேண்டியது இது: உன் எண் நேற்றுவரை ஆடியதன் மதிப்பீடு; அதிலும் பிழை உண்டு. நாளை நீ ஆடப்போவதை அது கட்டுப்படுத்தாது. பெற்றோரும் பயிற்சியாளர்களும் இதை நினைவில் வைப்பது நல்லது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பள்ளியிலோ தெருவிலோ சதுரங்கம் ஆடும் பத்துப் பேரைச் சேருங்கள். எல்லோருக்கும் 1200 என்று தொடங்குங்கள். மேலே சொன்ன விதியைக் கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் எண்களைத் திருத்தி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எதிர்பார்ப்பு அட்டவணை கைவசம் இல்லாவிட்டால், இடைவெளியின் ஒவ்வொரு 50 புள்ளிக்கும் 0.07ஐ 0.5உடன் கூட்டிக்கொள்ளுங்கள், 150 வரை இது போதுமான அளவு சரியாக வரும். எண்களின் மொத்தம் 12,000 ஆகவே இருக்கிறதா என்று வாரந்தோறும் கூட்டிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்துப் பக்கத்து ஊர்க் குழுவோடு ஆடுங்கள். அவர்கள் 1200க்கும் உங்கள் 1200க்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அப்போது தெரிந்துவிடும்.