மாற்றுத்திறனாளி மாணவர் கல்வி நிதி (மதுராந்தகம் வட்டாரம்)

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டாரத்தில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவருக்கான அரசுப் பணம் இரண்டு துறைகள் வழியே வருகிறது. ஒன்று பள்ளிக் கல்வித் துறை, மற்றது மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதில் தானாக ஏறிவிடாது. பெற்றோர் பலர் தடுமாறுவது இங்கேதான்.

நலத் துறை தருவது கல்வி உதவித்தொகை. ஆண்டுக்கு 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 2,000 ரூபாய், 6 முதல் 8 வரை 6,000, 9 முதல் 12 வரை 8,000, பட்டப்படிப்புக்கு 12,000, முதுகலைக்கு 14,000. முன்பு இதில் பாதிதான். பார்வையற்றோருக்கு வாசிப்பாளர் உதவித்தொகை தனி. விண்ணப்பம் செங்கல்பட்டிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்.

எல்லாவற்றுக்கும் திறவுகோல் குறைந்தது 40 சதவீத ஊனம் எனக் காட்டும் சான்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனங்களே இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல், அவற்றை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பட்டியலுக்குள் வந்தன. ஆனால் கை கால் குறைபாட்டைப் போல இவை பார்த்தவுடன் தெரிபவை அல்ல. சான்றுக்காக ஆண்டுதோறும் வட்டார அளவில் நடக்கும் மருத்துவ முகாமில் எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநல மருத்துவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். புகைப்படமும் ஆதார் நகலும் கையுமாகப் பெற்றோர் காத்திருப்பார்கள். கூடுதல் பரிசோதனை தேவைப்படும் குழந்தைக்கு அன்று வேலை முடியாது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்னொரு நாள் போக வேண்டும், ஒரு நாள் கூலி போகும்.

பள்ளிக் கல்வித் துறையின் பணம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது. இதில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதியின் வேர் 1974இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டம். 2018 முதல் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். மாதக் கணக்கில் 300கூட வராது. மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. திட்டச் செலவில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40.

இந்தத் திட்டத்தின் உண்மையான பயன் பணமாகக் கைக்கு வருவதில்லை, ஆளாக வருகிறது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிகளுக்குப் போகிறார். படுக்கையிலிருக்கும் குழந்தையை வீட்டுக்கே சென்று பார்க்கிறார். இயன்முறைப் பயிற்சியும் இதே ஏற்பாட்டில் கிடைக்கிறது. தொடக்கநிலையில் 10 மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என 2022இல் ஒன்றிய அரசு வகுத்தது. தமிழ்நாட்டில் இவர்கள் தொகுப்பூதியத்தில் வேலை செய்பவர்கள். ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024-25ஆம் ஆண்டுக்கான ஒன்றியப் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுள்ளோருக்கென 2005இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் இதே மாவட்டத்தில், முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அதன் நிதி, மேற்சொன்ன இரண்டு துறைகள் வழியே அல்லாமல், ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்திலிருந்து நேராக வருகிறது. மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு, திருப்போரூர் வழியே அங்கு போய்ச் சேர 60 கிலோமீட்டருக்கு மேல்.