தலைகீழா நிக்கிற ராணி

செஸ் புதிர்ப் படத்துல ராணி தலைகீழா நின்னா அச்சுப்பிழைன்னு நினைச்சுடாதீங்க. அது ராணியே இல்லை. வெட்டுக்கிளி!

இங்கிலாந்தின் புதிர் மேதை டி.ஆர். டாசன் 1913-இல் உருவாக்கிய காய் இது. ராணி மாதிரி எட்டுத் திசையிலும் போகும். ஆனா வழியில ஒரு காய் இருக்கணும். அதைத் தாண்டி, ஒட்டியிருக்கும் அடுத்த கட்டத்தில் குதிக்கும். தாண்ட ஆள் இல்லைன்னா நகரவே முடியாது. 1925-இல் இன்னொன்று, நைட்ரைடர்: ஒரே திசையில் குதிரைத் தாவலாகத் தாவிக்கிட்டே போகும்.

சரி, இதையெல்லாம் படமா எப்படிப் போடுறது? அன்று பத்திரிகைகள் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்தன. அச்சகத்தில் இருந்தது வழக்கமான ஆறு வகைக் காய்தான். ஆனா அந்த அச்சு சதுரம். எப்படித் திருப்பினாலும் கட்டத்தில் உட்காரும். ராணியைக் கவிழ்த்தா வெட்டுக்கிளி, குதிரையைக் கவிழ்த்தா நைட்ரைடர். காசு செலவே இல்லை, பாருங்க!

சிக்கல் பிறகு வந்தது. புதுக் காய்கள் பெருக, ஒரே கவிழ்ந்த படம் ஆளுக்கொரு அர்த்தத்தில் வர ஆரம்பிச்சது. எது என்னன்னு படத்துக்குக் கீழே எழுத வேண்டியதாச்சு.

பெயர்க் குழப்பம் இன்னும் மோசம். கோட்டையும் குதிரையும் சேர்ந்த காயை 1617-இல் இத்தாலியின் கரேரா 'சாம்பியன்' என்றார். 1920-களில் கேப்பபிளாங்கா 'சான்சலர்' என்றார். 2007-இல் செய்ராவான் அதுக்கே 'யானை'ன்னு பேர் வெச்சார். ரஷ்யாவில் யானைன்னா பிஷப். நம்ம ஊர்ல யானைன்னா கோட்டை! (மருந்துக் கடையில் ஒரே பாராசிட்டமால் பத்துப் பேர்ல இருக்கும். அது பரவாயில்லை. ஒரே பேர்ல மூணு மருந்து இருந்தா?)

யூனிகோட் 2019-இல், 12-ஆம் பதிப்பில், திருப்பிய காய்களுக்கு இடம் கொடுத்தது. அங்கே வெட்டுக்கிளி என்ற பெயரே கிடையாது. 'கவிழ்த்த வெள்ளை ராணி', அவ்வளவுதான். வடிவத்துக்குத்தான் பெயர். அது எப்படி நகரும்னு ஆட்டம் சொல்லிக்கட்டும்.

காய்ப் படங்களைச் சேர்த்து வைக்கிறவங்க இதைத்தான் செய்யணும். வடிவத்தால் கோப்புக்குப் பெயர். எந்த ஆட்டத்தில் அது என்ன காய்னு தனியா ஒரு பட்டியல்.

நான் செய்யலை. போன மாசம் நண்பருக்கு அனுப்பின புதிரில் தப்பான யானை போயிடுச்சு. மனுஷன் ரெண்டு ராத்திரி அதோட மல்லுக்கட்டியிருக்கார். என் கணினியில் இன்னமும் 'யானை', 'யானை புதுசு', 'யானை கடைசி'ன்னு மூணு கோப்பு கிடக்கு.