முன்னாள் அதிபரைக் கூண்டில் ஏற்றலாமா? தென் கொரியா கண்ட அனுபவம்

பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காக ஒரு முன்னாள் அதிபர் மீது வழக்குத் தொடுக்கலாமா? தொடுக்கலாம் என்பதைச் செய்தே காட்டிய நாடு தென் கொரியா.

அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 84ஆவது பிரிவு, பதவியில் உள்ள அதிபர் மீது குற்றவியல் வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. கிளர்ச்சி, தேசத் துரோகம் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பதவி போனால் பாதுகாப்பும் போய்விடும்.

இதற்கு முதல் பெரிய சோதனையாக வந்தவர் சுன் டூ ஹுவான். 1979 டிசம்பரில் இராணுவத்தைக் கைப்பற்றினார். 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ஜனநாயகம் கேட்டு எழுந்த மக்களைத் துருப்புகள் சுட்டுக் கொன்றன. அதன் பிறகே அவர் அதிபரானார். 1988 வரை ஆண்டார். 1995 ஜூலையில் அரசு வழக்கறிஞர்கள், வெற்றி பெற்ற ஆட்சிக் கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று கைவிரித்தனர். உறவுகளைப் பறிகொடுத்த குவாங்ஜு குடும்பங்களுக்கு இதைவிடக் கசப்பான பதில் இருந்திருக்க முடியாது. மக்கள் கொதித்தெழ, அதே டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, காலவரம்புத் தடையை நீக்கியது.

1996 ஆகஸ்டில் சுன்னுக்கு மரண தண்டனை. மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. அவருக்குப் பின் வந்த ரோ டே வூவுக்கு 17 ஆண்டுச் சிறை. பதவியில் இருந்தபோது இருவரும் வாங்கிய கையூட்டும் அந்தத் தீர்ப்பில் அடக்கம்.

ஆனால், 1997 டிசம்பரில் இருவரும் பொதுமன்னிப்புப் பெற்று வெளியே வந்தனர். மன்னிப்பு அளித்தவர் அதிபர் கிம் யங் சாம். அதற்கு இசைந்தவர், அடுத்த அதிபராகத் தேர்வாகியிருந்த கிம் டே ஜுங். 1980இல் சுன்னின் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது இதே கிம் டே ஜுங்குக்குத்தான்! அவருடைய பெருந்தன்மை பெரிது. ஆனால் சுன், குவாங்ஜு மக்களிடம் மன்னிப்புக் கேட்காமலேயே 2021இல் இறந்தார். அபராதத்தில் பெருந்தொகை கடைசி வரை கட்டப்படவில்லை.

பார்க் கியுன் ஹேயின் கதையும் இப்படித்தான் முடிந்தது. மொத்தம் 22 ஆண்டுச் சிறை பெற்றவர், 2021 டிசம்பரில் மன்னிக்கப்பட்டார். வழக்குப் போடலாமா என்பதை அந்நாடு எப்போதோ தீர்த்துவிட்டது. ஓட்டை இருப்பது மன்னிப்பு அதிகாரத்தில் என்றே தோன்றுகிறது.

அமெரிக்கா வேறு பாதையில் போகிறது. அங்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 1ஆம் தேதி, 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில், அதிபரின் அடிப்படை அரசமைப்பு அதிகாரங்களைச் சார்ந்த செயல்களுக்கு முழு விலக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பதவிசாரா செயல்களுக்கு விலக்கில்லை.

இதற்கிடையே ஒவ்வொரு கொரிய அதிபரும் முந்தியவரை வேட்டையாடுகிறார் என்ற குறையும் உண்டு. விசாரணையில் இருந்த ரோ மூ ஹியுன் 2009இல் உயிரை மாய்த்துக்கொண்டது அந்நாட்டில் ஆறாத காயம்.

2024 டிசம்பர் 3ஆம் தேதி இராணுவச் சட்டம் அறிவித்த யூன் சுக் இயோல், பதவியில் இருக்கும்போதே 2025 ஜனவரியில் கைதானார். கிளர்ச்சிக் குற்றச்சாட்டு என்பதால் 84ஆவது பிரிவு அவரைக் காக்கவில்லை. 2018இல் முன்னாள் அதிபர் லீ மியுங் பாக் மீது வழக்குத் தொடுத்த சோல் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர் இந்த யூன். 2022 டிசம்பரில் அந்த லீக்குப் பொதுமன்னிப்பு அளித்ததும் அவரே.